எதிரொலியைத் தேர்ந்தெடுத்தல்: சில சரித்திரக் குறிப்புகள்

கித்தார்க்காரர் ஒருவர் எஃபெக்ட்ஸ் பெட்டி வாங்குவது இலக்கியப் பத்திரிகைக்கு என்ன விஷயம் என்று கேட்கலாம். பெட்டி என்பது பத்தொன்பது அங்குல அகலமுள்ள இரும்புச் சட்டத்தில் திருகாணி போட்டு மாட்டும் கருவி. சட்டத்துக்கு ராக் என்று பெயர். எலெக்ட்ரிக் கித்தாரின் ஒலியை வாங்கி, அதில் சில குணங்களைச் சேர்த்து ஆம்ப்ளிஃபையருக்குக் கொடுக்கும். இவற்றில் முக்கியமானவை இரண்டு. சுவர்களில் பட்டுத் திரும்பும் எண்ணற்ற ஒலிகள் ஒன்றாகக் குழைந்து கேட்பது ரிவர்ப். ஒலி தனித்தனியாகத் திரும்பி வந்து கேட்பது டிலே. எந்தப் பெட்டி நல்லது என்பதற்கு விலைப்பட்டியலே பதில் சொல்லிவிடும். ஆனால் இந்தக் கேள்வி நம் ஊரில் எப்போது கேட்கத்தக்க கேள்வியாயிற்று, அதற்கு முன் யார் தீர்மானித்தார்கள் என்று விசாரிக்கப் புகுந்தால், சுயமான குரல் என்று நாம் எதைச் சொல்கிறோம் என்ற பழைய சண்டைக்கே வந்து சேர்கிறோம்.

ரிவர்ப் முதலில் ஓர் அறைதான். 1947-ல் சிக்காகோவில் பில் புட்னம் ஸ்டூடியோவின் குளியலறைக்குள் ஒலிபெருக்கியையும் மைக்கையும் வைத்து எதிரொலி சேர்த்து ஓர் இசைத்தட்டைப் பதிவு செய்தார். 1957-ல் ஜெர்மனியின் இ.எம்.டி. கம்பெனி அறைக்குப் பதிலாக ஓர் எஃகுத் தகட்டைத் தொங்கவிட்டது. இரண்டு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், அரை மில்லிமீட்டர் கனம். பெட்டியோடு தூக்கப் பல ஆட்கள் வேண்டும். 1960களின் தொடக்கத்தில் பெல் ஆய்வுக்கூடத்தின் மான்ஃப்ரெட் ஷ்ரோடர், அறையும் வேண்டாம், தகடும் வேண்டாம், கணக்கே போதும் என்று காட்டினார். அந்தக் கணக்கு விற்பனைப் பொருளாக இன்னும் பத்துப் பதினைந்து வருஷங்கள் பிடித்தன. 1976-ல் இ.எம்.டி. 250, 1978-ல் லெக்ஸிகன் 224. இரண்டும் பெரிய ஸ்டூடியோக்கள் மட்டுமே வாங்கக்கூடியவை. 1985-ல் யமஹாவின் எஸ்.பி.எக்ஸ். 90 வந்தது. அதன் உயரம் ஒன்றே முக்கால் அங்குலம். குளியலறை நாற்பது வருஷத்துக்குள் சுருங்கி, ஒரு வாத்தியக்காரர் கையில் தூக்கிக்கொண்டு போகிற வஸ்துவாயிற்று. பெட்டியை மாட்டும் சட்டமோ சங்கீதத்துக்கென்று பிறந்ததல்ல. டெலிஃபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்து வந்தது.

இதே காலத்தில் இங்கே என்ன நடந்தது? அசோக் நகரிலிருந்து நடந்து போகிற தூரத்தில் வடபழனி, கோடம்பாக்கம், சாலிகிராமம். ஏவி.எம். 1948-ல் காரைக்குடியிலிருந்து இங்கே வந்தது. விஜயா-வாஹினி, பிரசாத் என்று மற்றவையும் சுற்றி எழுந்தன. வாத்தியக்காரர்கள் இந்தப் பேட்டைகளிலேயே குடியிருந்தார்கள். ஒலிப்பதிவில் எல்லோரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து ஒரே மூச்சில் வாசிக்க வேண்டும். ஒருவர் தவறினால் முதலிலிருந்து. கித்தார்க்காரருக்கு எழுதிய ஸ்வரங்கள் வரும், வாசிப்பார், கால்ஷீட்டுக்குரிய பணத்தை வாங்கிக்கொண்டு போவார். அவர் மீட்டிய ஸ்வரத்துக்கு எவ்வளவு எதிரொலி என்பதைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒலிப்பதிவாளர் முடிவு செய்வார். பிறகு படம் வெளியாகும். தியேட்டர் தன் சுவர்களின் முழக்கத்தை அதன் மேல் ஏற்றும். அசோக் நகர்க்காரர்களுக்கு அது பெரும்பாலும் உதயம் தியேட்டர், இன்று அதுவும் இல்லை. ஆக, ஸ்டூடியோக் கூடம், ஒலிப்பதிவாளரின் கருவி, தியேட்டர் என்று மூன்று அறைகளைக் கடந்து அந்த ஸ்வரம் நம் காதுக்கு வந்தது. மூன்றில் ஒன்றைக்கூட வாசித்தவர் தேர்ந்தெடுக்கவில்லை. இசைத்தட்டின் உறையில் அவர் பெயரும் பெரும்பாலும் இருக்காது.

ஒலிப்பதிவாளரின் ரசனையைக் குறை சொல்வது என் நோக்கமல்ல. பல சமயங்களில் அது வாத்தியக்காரரின் ரசனையைவிட உயர்ந்ததாக இருந்திருக்கும். நான் கவனிக்கச் சொல்வது பிரிவினையை. விரல் ஒருவருடையது, விரல் எடுத்தபின் மிஞ்சுவது இன்னொருவருடையது. ஒலியின் பிறப்பும் மறைவும் இரண்டு சம்பளப் பட்டியல்களில் இருந்தன.

சொந்தமாக ஒரு கருவி வாங்கிக்கொள்ளலாமே என்றால், அதற்கும் வழி இல்லை. 1973-ன் அந்நியச் செலாவணிச் சட்டம், இறக்குமதி லைசென்ஸ், அதற்கு மேல் சுங்கம். 1991-ல் உச்ச சுங்க வரியை 150 சதவீதத்துக்கு இறக்கினார்கள். அதுவே பெரிய சலுகையாகப் பேசப்பட்டது என்றால் அதற்கு முந்தைய நிலையை ஊகித்துக்கொள்ளலாம். எனவே கருவிகள் சிங்கப்பூரிலிருந்து திரும்பும் உறவினரின் பெட்டியில் வந்தன, பர்மா பஜாரில் கிடைத்தன, அல்லது வாடகைக்கு வந்தன. ஆர்.கே. சேகர் 1976-ல் காலமானபின் அவருடைய வாத்தியங்களை வாடகைக்கு விட்டுத்தான் அவர் குடும்பம் பிழைத்தது என்பதைப் பிற்காலத்தில் ஏ.ஆர். ரஹ்மானைப் பற்றி எழுதிய எல்லோரும் சொல்லிவிட்டார்கள். அதை உருக்கமான கதையாகவே சொல்கிறார்கள். வாத்தியங்களை வாடகைக்கு எடுக்க ஓர் ஊரே காத்திருந்தது என்ற பொருளாதார உண்மை அதற்குள் இருப்பதைப் பார்ப்பதில்லை. அன்று தேர்வு என்றால், வந்து சேர்ந்ததை ஏற்றுக்கொள்வது. அதுவும் 100 வோல்ட்டிலோ 117 வோல்ட்டிலோ ஓடுகிற கருவியாக இருந்துவிட்டால், நம் 230 வோல்ட்டுக்கு நடுவே ஒரு டிரான்ஸ்ஃபார்மர்.

இந்த நிலையில்தான் எஸ்.பி.எக்ஸ். 90 போன்ற பெட்டிகள் வருகின்றன. முதன்முறையாக வாத்தியக்காரர் தன் ஸ்வரத்தின் மறைவையும் தானே தீர்மானிக்கலாம். எப்படி? அதில் 90 இடங்கள். முதல் 30 தொழிற்சாலை அமைத்துக் கொடுத்தவை. ஹால், ரூம், பிளேட் என்று அந்தப் பழைய அறைகளும் தகடுகளும் பெயர்களாக மாறி அங்கே உட்கார்ந்திருக்கின்றன. மீதி 60 காலி. அவற்றில் நாம் நம் அளவுகளை அமைத்து நிரப்பிக்கொள்ளலாம். தொழிற்சாலையின் 30-ம் அழிக்கமுடியாத நினைவகத்தில் இருக்கின்றன. நம்முடைய 60-ம் உள்ளே இருக்கும் ஒரு சிறு பாட்டரியின் தயவில் இருக்கின்றன. பாட்டரி செத்தால் நாம் அமைத்தவை போய்விடும், கொடுக்கப்பட்டவை நிற்கும். இதைவிடக் கச்சிதமாக நம் நிலைமையைச் சொல்ல எந்த விமர்சகனாலும் முடியாது. புதுக்கவிதையில் எழுந்த பல குரல்கள் இன்று கேட்பதில்லை. அந்தக் கவிஞர்கள் மேற்கத்தியக் கவிகளிடமிருந்து எடுத்துக்கொண்ட தொனி மட்டும் அடுத்த தலைமுறைக்குப் பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

இங்கே ஒரு சங்கீத விஷயத்தைச் சொல்லவேண்டும். ரிவர்ப் நடுநிலையான அலங்காரம் அல்ல. பல ஸ்வரங்கள் ஒருசேர ஒலிக்கும் மேற்கத்திய இசைக்கு அது இயல்பாகப் பொருந்துகிறது. ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு வழுக்கிப் போகும் கமகத்தில் அது வேறு வேலை செய்கிறது. தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதில்லை, ஆடுகிறது. நீண்ட ரிவர்ப்பில் அந்த ஆட்டத்தின் இரண்டு எல்லைகளும் ஒரே சமயத்தில் கேட்கத் தொடங்கும். ஆட்டம் போய்ப் படலம் மிஞ்சும். நிமிஷத்துக்கு 80 தட்டு என்ற வேகத்தில் தட்டுக்கு நாலு ஸ்வரம் வாசித்தால், 2.5 விநாடி ரிவர்ப்பில் முதல் ஸ்வரம் அடங்குவதற்குள் பதின்மூன்று ஸ்வரங்கள் கடந்துவிடும். விட்டு வந்த ஸ்வரத்தை விடமாட்டேன் என்கிறது யந்திரம். மாண்டலின் ஸ்ரீநிவாஸும், எலெக்ட்ரிக் கித்தாரில் கச்சேரி செய்த சுகுமார் பிரசாத்தும் மின்வாத்தியத்தைக் கர்நாடக சங்கீதத்துக்குக் கொண்டுவந்தபோது, மின்சாரம் தரும் நீட்சியைக் கமகத்துக்குப் பயன்படுத்தினார்கள். கம்பியின் ஒலி நீடிப்பதால் ஒரே மீட்டில் நீண்ட வழுக்கல் சாத்தியமாயிற்று. நீட்சி வேறு, முழக்கம் வேறு என்ற பேதம் முக்கியம். பிரசன்னா 2006-ல் ‘எலெக்ட்ரிக் கணேசா லாண்ட்’ என்ற ஆல்பத்தில் ஹெண்ட்ரிக்ஸின் உலகத்தையே இழுத்து வந்தார். தெரிந்து, பெயர் சொல்லி, எதிரே வைத்துக்கொண்டு செய்த காரியம் அது.

டிலே இன்னொரு சிக்கல். அதே 80 தட்டு வேகத்தில் ஒரு தட்டுக்கு 750 மில்லிவிநாடி. சதுஸ்ர நடையில் ஓர் அங்கம் 187.5, திஸ்ரத்தில் 250. இந்த எண்ணைப் பெட்டியில் பதித்துவிட்டால் அது இம்மியும் பிசகாது. ஆனால் மனிதர்கள் சேர்ந்து வாசிக்கும்போது காலப்பிரமாணம் மூச்சு விடுகிறது. மிருதங்கம் ஓர் இழை முந்தினால் வாத்தியக்காரர் உடன் வருவார், பெட்டி வராது. அப்போது அவர் பக்கவாத்தியத்தோடு போவதா, தன் எதிரொலியோடு போவதா? பெரும்பாலும் எதிரொலிதான் ஜெயிக்கிறது. தாளம் போடுபவர் பெட்டிக்குள் போய்விடுகிறார்.

இதற்கு ஒரு சுதேசிப் பரிகாரம் உண்டு. 1999-ல் சோனியின் ஒரு கருவி, உண்மையான கட்டடங்களில் பதிந்து வந்த முழக்கத்தைக் கணக்காக்கி எந்த ஒலியின் மேலும் ஏற்றிக் காட்டியது. இப்போது சாதாரணக் கம்ப்யூட்டரே அதைச் செய்யும். ஆகவே கோவில் பிராகாரத்தையோ கல்யாண மண்டபத்தையோ பதிந்து பெட்டிக்குள் வைக்கலாம். வைத்தால் என்ன ஆகும்? முப்பத்தோராவது அறை கிடைக்கும். எலியட்டின் தொனியை விட்டுவிட்டுச் சித்தர்களின் தொனியை எடுத்துக்கொண்டவர்களின் கவிதை இதனால் மட்டும் சுயமானதாகிவிடவில்லை என்று பார்த்தோமே. கடன் கொடுத்தவர் உள்ளூர்க்காரர் என்பதால் கடன் சொந்தப் பணமாகிவிடாது.

1989-ல் ரஹ்மான் தன் வீட்டுக் கொல்லையில் பஞ்சதன் ஸ்டூடியோவைக் கட்டியபோது கண்ணாடிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒன்றாயின. 1992-ல் ‘ரோஜா’ வந்தது. எதிரொலியும் இசையமைப்பின் ஒரு பகுதி என்று தமிழ்க் காதுகள் அறிந்தது அதற்குப் பிறகுதான் என்று சொல்லலாம். அவருடைய ஒலிநாடாக்களில் வாத்தியக்காரர்களின் பெயர்களும் அச்சாயின. ஆனால் எதிரொலியைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் வந்து சேர்ந்தது இசையமைப்பாளரிடம். கித்தார்க்காரருக்குப் பெயர் கிடைத்தது, அறை கிடைக்கவில்லை. இதற்குள் மேற்கில் ராக் மோகமும் தணிந்து, தரையில் வைத்து மிதிக்கும் சிறு பெட்டிகள் திரும்பிவிட்டன. 2006-ல் ஃப்ராக்டல் கம்பெனியின் ஆக்ஸ்-எஃப்.எக்ஸ். ஆம்ப்ளிஃபையரையும் உள்ளே அடக்கிக்கொண்டு சட்டத்துக்குத் திரும்பி வந்தது. அறைகள் முப்பதிலிருந்து நூற்றுக்கணக்காகப் பெருகின.

ஆகவே இன்று பெட்டி தேடுபவர் எத்தனை அறைகள் என்று எண்ண வேண்டியதில்லை. கித்தாரின் நேர் ஒலி அதற்குள் போய் வரும்போது கெடாமல் வருகிறதா என்று பார்க்கட்டும். எஸ்.பி.எக்ஸ். 90-ல் 12,000 ஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் கிடையாது. அப்படிப்பட்ட பெட்டியை, நேர் ஒலி தனியே போக, பக்கத்தில்தான் இணைக்க வேண்டும். ரிவர்ப்பை ஒரு விநாடிக்குக் கீழே இறக்க முடிகிறதா, ஸ்வரம் பிறந்தபின் முழக்கம் தொடங்க முப்பது நாற்பது மில்லிவிநாடி இடைவெளி விட முடிகிறதா என்று பார்க்கட்டும்; கமகம் அந்த இடைவெளியில்தான் தப்பிக்கிறது. டிலேயின் வேகத்தை வாசிக்கும்போதே காலால் தட்டி மாற்ற முடிய வேண்டும். ஓர் அமைப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது பழைய பெட்டிகளில் மிச்ச ஒலி வெட்டுப்படும், அந்த வெட்டைக் கேட்டுப் பார்க்க வேண்டும். பழைய பெட்டியானால் பாட்டரியை மாற்றிவிட்டு, தன் அளவுகளை ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

எல்லாவற்றுக்கும் முதலில், பெட்டி எதையும் சேர்க்காதபடி வைத்துக்கொண்டு ஒரு வாரம் வாசிக்கலாம். எதிரொலி இல்லாத கித்தார் கேட்கச் சகிக்காது. விரல் எங்கே பொய் சொல்கிறது என்று அப்போதுதான் தெரியும். அதைக் கேட்டுப் பழகிய பின், எந்த ஸ்வரத்துக்கு மிச்சம் வேண்டும், எதற்கு வேண்டாம் என்று அவருக்கே அபிப்பிராயம் உண்டாகும். கடைக்குப் போகலாம்.