ஜோடேகாட் மோதலின் நாள்: சான்றுகளும் அவற்றின் மதிப்பும்

முன்னுரை

ஐதராபாத் நிசாம் அரசின் வட எல்லையில் அமைந்த ஆதிலாபாத் மலைக்காடுகளில், 1940ஆம் ஆண்டு காவல் படையினருக்கும் கோண்டுப் பழங்குடியினருக்கும் இடையே மோதல் நிகழ்ந்தது. ஆசிபாபாத்தை அடுத்த ஜோடேகாட்டில் கோண்டுகளின் தலைவர் கொமரம் பீம் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் இறந்த நாள் பற்றிய சான்றுகளை மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அச்சில் உள்ள நாளும் மக்கள் போற்றும் நாளும்

எழுத்து வடிவிலான வரலாறுகள் செப்டம்பர் 1, அக்டோபர் 8, அக்டோபர் 27 என வெவ்வேறு நாள்களைக் குறிக்கின்றன. மக்களோ ஆண்டுதோறும் ஆசுவயுஜ மாதப் பௌர்ணமியன்று ஜோடேகாட்டில் கூடி அவரை நினைவுகூர்கின்றனர். நிலவொளி வீசிய இரவில் அவர் வீழ்ந்தார் என்பது வாய்மொழி மரபு.

இவ்விருவகைச் சான்றுகளையும் வானியல் கொண்டு ஒப்பிடலாம். 1940 அக்டோபர் 1 அன்று முழுச் சூரிய கிரகணம் நிகழ்ந்தது. சூரிய கிரகணம் அமாவாசையில் மட்டுமே நிகழும். ஆதலின் அடுத்த பௌர்ணமி அக்டோபர் 16 ஆகும்; ஆசுவயுஜப் பௌர்ணமியும் அதுவே. ஒரு மாதம் முந்தைய செப்டம்பர் 1 அமாவாசையை ஒட்டியது. அச்சிலுள்ள மூன்று நாள்களில் ஒன்றும் பௌர்ணமி அன்று. எனவே, 'செப்டம்பர் 1, பௌர்ணமி இரவு' என எழுதுவோர் முரண்பட்ட இரு சான்றுகளை ஒன்றாகப் பிணைத்து, நிகழ்ந்திருக்க இயலாத ஓர் இரவைப் படைத்துவிடுகின்றனர்.

பசலி ஆண்டு தரும் துணை

நிசாம் அரசின் ஆவணங்கள் பசலி ஆண்டில் எழுதப்பெற்றவை. ஐதராபாத் பசலி ஆண்டு அக்டோபர்த் தொடக்கத்தில் பிறப்பதாகும். செப்டம்பர் 1 பசலி 1349இலும், அக்டோபர் 16 பசலி 1350இலும் அடங்கும். ஆகவே மூல ஆவணத்தின் பசலி ஆண்டே செப்டம்பரா அக்டோபரா என்பதைத் தெளிவிக்க வல்லது. ஆங்கில நாளாக மாற்றப்பட்ட பிற்காலக் குறிப்பு அம்மதிப்பைப் பெறாது.

சான்றுகளின் தரம்

1940களில் கோண்டுகளிடையே களஆய்வு செய்த மானிடவியலறிஞர் பியூரர்-ஹைமண்டார்ப், நில இழப்பும் வனத்துறைக் கெடுபிடியுமே எழுச்சிக்குக் காரணம் எனக் கண்டார். அவர் நிசாம் அரசின் பணியை ஏற்றவர் என்பதையும் கருதவேண்டும். 1983இல் வெளிவந்த தெலுங்கு நாவலும் 2022ஆம் ஆண்டுத் திரைப்படமும் நினைவின் வரலாற்றுக்குச் சான்றாகலாம், நிகழ்வுக்குச் சான்றாகா.

வாய்மொழி மரபையும் ஆராயாது ஏற்றல் கூடாது. நினைவுநாள், நிகழ்ந்த நாளாகவே இருக்கவேண்டும் என்பதில்லை. எனினும் அதை ஒதுக்கிவிடவும் இயலாது. நம் நடுகற்களில் மன்னனின் ஆட்சியாண்டும் வீழ்ந்த வீரனின் பெயரும் ஒருங்கே இடம்பெறுகின்றன. ஜோடேகாட்டிலோ அரசின் கணக்கும் மக்களின் கணக்கும் பிரிந்து நிற்கின்றன.

முடிவுரை

ஒவ்வொரு நாளையும் அதன் மூலத்தோடு சேர்த்தே எழுதுதல் வேண்டும். தோற்றவர் தரப்பில் ஆவணம் அரிதாகவே எஞ்சும். ஆதலின் எஞ்சிய நினைவை அரசுக் குறிப்போடு கலந்து மங்கச் செய்யாமல் தனித்துக் காத்தல் ஆய்வாளர் கடமையாகும்.