கல்முனையில் எல்லை எங்கே?

பெரியநீலாவணையிலிருந்து தெற்கே வந்தால் மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது என்று ஊர்கள் ஒன்றையொன்று ஒட்டியே வரும். மருதமுனையில் முஸ்லிம் நெசவாளர்களின் தறி. பக்கத்துப் பாண்டிருப்பில் திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்பு. கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியில் நாகூர் ஆண்டகை பேரில் கொடியேற்றம். எல்லார் வீட்டிலும் தமிழ்தான். தாய்வழிக் குடிமுறையும், மகளுக்கு வீடு கொடுத்து மணமுடிக்கும் வழக்கமும் இரு சமூகத்துக்கும் பொது.

1961இல் மட்டக்களப்பிலிருந்து பிரித்து அம்பாறை மாவட்டம் அமைக்கப்பட்டது. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் சிங்களக் குடியேற்றங்களும் இந்தப் பழைய கரையோர ஊர்களும் ஒரே மாவட்டத்துக்குள் வந்தன. கச்சேரி அம்பாறை நகரில். 2012 குடிசன மதிப்பீட்டின்படி மாவட்டத்தில் ஐந்தில் மூவர் தமிழ் பேசுகிறவர்கள். ஆனாலும் தம் மொழியில் காரியம் முடிக்க அவர்கள் படும் பாடு பெரிது. ‘கரையோர மாவட்டம்’ வேண்டும் என்ற கோரிக்கை இதிலிருந்தே பிறந்தது.

அந்தக் குரலுக்குப் பலம் சேர்த்தவர் எம்.எச்.எம். அஷ்ரப். 1977இல் தமிழர் விடுதலைக் கூட்டணியோடு மேடையேறிய இந்தக் கல்முனைச் சட்டத்தரணி, 1981இல் காத்தான்குடியில் முஸ்லிம் காங்கிரஸைத் தொடங்கினார். 1978 அரசியலமைப்பின்படி ஒரு மாவட்டத்தில் பன்னிரண்டரை வீத வாக்குப் பெறாத கட்சிக்கு அங்கே ஆசனம் இல்லை. 1988இல் பதினைந்தாவது திருத்தம் அதை ஐந்து வீதமாக்கியது. அதைப் பெற்றெடுத்ததில் அஷ்ரபுக்குப் பெரும் பங்குண்டு. அடுத்த ஆண்டே அவர் நாடாளுமன்றம் சென்றார். 1994இல் சந்திரிகா ஆட்சியமைக்க அவர் கட்சியின் கை தேவைப்பட்டது. சிறுபான்மைக்குத் தேர்தல் முறை எவ்வளவு முக்கியம் என்பதற்கு இலங்கையில் இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

ஆனால் கொழும்பில் பேரம் பேசத் தெரிந்த அரசியல், கல்முனைக்குள் அயலாரோடு பேசத் தவறியது. 1985இன் தமிழ்–முஸ்லிம் கலவரமும், 1990இல் காத்தான்குடிப் பள்ளிவாசலிலும் வீரமுனையிலும் சிந்திய இரத்தமும் இரு பக்கத்தையும் மிரள வைத்திருந்தன. தமிழர்களுக்கென 1989இல் வந்த கல்முனை வடக்கு உப பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்த 1993இல் அமைச்சரவை இணங்கியும் காரியம் நடக்கவில்லை. 2019 ஜூனில், ஈஸ்டர் தாக்குதலின் சூடு ஆறுமுன், அதைத் தரமுயர்த்தக் கோரிக் கல்முனை விகாராதிபதி ரன்முத்துகல சங்கரத்ன தேரரும் இந்துக் குருக்களும் உண்ணாவிரதம் இருந்தார்கள். எதிரே முஸ்லிம்கள் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். கடைத்தெரு தம் கையைவிட்டுப் போகும் என்ற முஸ்லிம்களின் அச்சம் பொய்யானதல்ல. ஆயினும் அம்பாறைக் கச்சேரியிடம் முஸ்லிம்களாகிய நாம் கேட்கும் நியாயத்தை, பாண்டிருப்பார் நம்மிடம் கேட்கும்போது மறுக்க முடியாது.

இதை இனப் பிணக்கு என்று மட்டும் சொல்லிவிடவும் முடியாது. சாய்ந்தமருது முஸ்லிம் ஊர். கல்முனை மாநகர சபையிலிருந்து பிரிந்து தனிச் சபை கேட்டது. 2018 உள்ளூராட்சித் தேர்தலில் கட்சிகளை ஒதுக்கிச் சுயேச்சைக் குழுவுக்கு வாக்களித்தது. 2020 பெப்ரவரியில் நகர சபைக்கான வர்த்தமானி வந்தது. சில நாளிலேயே நிறுத்தப்பட்டது.

1987 வரை இதே நிலத்தில் கல்முனைப் பட்டின சபையும் மூன்று கரைவாகுக் கிராம சபைகளுமாக நான்கு சபைகள் இருந்தன. அவை கலைந்த கதை அடுத்த இதழில்.