தலைக்கு எட்டணா

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் சொசைட்டியில் மீட்டிங். மும்பையில் சொசைட்டி மீட்டிங் என்றால் வழக்கமாகத் தண்ணீர், பார்க்கிங், மொட்டை மாடி ஒழுகல். இந்த முறை நாய். கேட் பக்கத்தில் ஐந்து தெருநாய்கள் இருக்கின்றன. அதில் ஒன்று இரண்டாவது மாடிப் பையனைக் கடித்துவிட்டது. ஊசி எல்லாம் போட்டாகிவிட்டது, பையன் நலம். ஆனால் கேட்டைத் தாண்டும்போது அவன் அம்மா இன்னும் அவன் கையை விடுவதில்லை.

"எல்லாவற்றையும் பிடித்து ஊருக்கு வெளியே விட்டுவிடலாம்" என்றார் செகரெட்டரி. பாதிப் பேர் கை தூக்கினார்கள். நான் தூக்கவில்லை, எதிர்க்கவும் இல்லை. (தமிழனின் நடுநிலை!) முடிவு அடுத்த மாதத்துக்குப் போய்விட்டது.

வீட்டுக்கு வந்து யோசித்தால், செகரெட்டரி சொன்ன யோசனைக்கு வயது கிட்டத்தட்ட 200. அதுவும் இதே ஊரில்.

1813-லேயே பம்பாயில் வெயில் மாதங்களில் தெருநாய்களைக் கொல்லச் சட்டம் இருந்தது. 1832-ல் அந்தக் காலத்தை ஜூன் பாதி வரை நீட்டினார்கள். ஒரு நாய்க்கு எட்டணா கூலி. காசு கிடைக்கிறது என்றதும் போலீஸ்காரர்கள் வீட்டு வாசலில் படுத்திருந்த நாய்களையும் விடவில்லை. கோட்டைப் பகுதியில் அதிகம் இருந்தவர்கள் பார்சிகள். அவர்களுக்கு நாய் வெறும் காவல் மிருகம் இல்லை. இறந்தவரின் உடலை நாய் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் ஈமச் சடங்கில் ஒரு அங்கம். ஜூன் 6, அவர்களுக்குப் புனிதமான நாள். அன்றைக்கும் நாய் பிடிக்க வந்தார்கள். அடிதடி ஆகிவிட்டது. மறுநாள் கடையடைப்பு. கொலாபாவில் இருந்த படைகளுக்குப் போக வேண்டிய சாப்பாட்டையே மறித்துவிட்டார்கள். பட்டாளம் வந்துதான் அடங்கியது.

பிறகு ஜம்ஷெட்ஜி ஜீஜீபாய் போன்ற பெரிய மனிதர்கள் சமாதானம் பேசினார்கள். என்ன முடிவு தெரியுமா? கொல்ல வேண்டாம், ஊருக்கு வெளியே கொண்டுபோய் விடலாம்! 1834-ல் பம்பாய் பாஞ்சராப்போல் என்ற பிராணிகள் காப்பகம் பிறந்ததிலும் ஜீஜீபாய்க்குப் பங்கு உண்டு. நல்ல மனசுதான். ஆனால் ஊருக்குள் நாய் குறையவில்லை. கொல்வதும் பிற்பாடு திரும்பி வந்துவிட்டது.

நம் சென்னை கதையும் இதேதான். மாநகராட்சி பல ஆண்டுகள் நாய்களைப் பிடித்து மின்சாரம் வைத்துக் கொன்றது. 1959-ல் விமானி கேப்டன் சுந்தரமும் அவர் மனைவி உஷாவும் (அவரும் விமானி) ப்ளூ கிராஸை ஆரம்பித்தார்கள். 60களிலேயே இவர்கள் கேட்ட கேள்வி எளிமையானது: இத்தனை வருஷம் கொன்றும் ஏன் குறையவில்லை?

காரணமும் எளிமைதான். ஒரு தெருவில் எத்தனை நாய் பிழைக்கும் என்பதைத் தீர்மானிப்பது அங்கே கிடக்கும் குப்பை. இருக்கிற நாயைத் தூக்கினால் அந்த இடத்துக்கு அடுத்த தெரு நாய் வரும். நாய்க்குச் சினைக்காலம் இரண்டு மாதம்தான். ஒரு ஈற்றுக்கு ஐந்தாறு குட்டி. புதிதாக வந்த நாய்க்குத் தடுப்பூசி போட்டிருக்காது, ஆட்களையும் தெரியாது. அதுதான் கடிக்கும். கருத்தடை செய்து, வெறிநாய்த் தடுப்பூசி போட்டு, காதில் சின்னதாக ஒரு வெட்டு அடையாளம் வைத்து அதே தெருவில் விட்டால், அது பெருகாது, புதியதையும் உள்ளே விடாது.

மாநகராட்சிகள் இதை ஏற்க 30 வருஷம் ஆனது. மும்பையில் 1994, சென்னையில் 1996. நாடு முழுவதற்குமான விதிகள் 2001-ல் வந்தன, 2023-ல் திருத்தி எழுதப்பட்டன.

அப்படியானால் ஏன் இன்னும் இத்தனை நாய்? அந்தப் பையனின் அம்மா கேட்டால் நியாயமான கேள்வி. ஒரு பகுதியில் பெரும்பான்மை நாய்களுக்கு ஒரே மூச்சில் செய்தால்தான் கருத்தடை பலிக்கும். இங்கே நாலு, அங்கே நாலு என்று செய்தால் காசுதான் செலவு. குப்பையும் அப்படியே கிடக்கிறது. 2025 ஆகஸ்ட் 11-ல் உச்ச நீதிமன்றம் டெல்லி நாய்களை எல்லாம் காப்பகத்தில் அடைக்கச் சொன்னதும், 22-ஆம் தேதியே அதை மாற்றி, வெறி பிடித்தவை, மூர்க்கமானவை தவிர மற்றவற்றைக் கருத்தடை செய்து பழைய இடத்தில் விடச் சொன்னதும் ஞாபகம் இருக்கும். தத்தெடுக்க விரும்புகிறவர்கள் மாநகராட்சியில் விண்ணப்பிக்கலாம், ஆனால் மறுபடி தெருவில் விடக்கூடாது என்றும் அந்த உத்தரவில் இருந்தது. பிறகு நவம்பரில் பள்ளி, மருத்துவமனை, ரயில் நிலையம் போன்ற இடங்களில் பிடிப்பவற்றை அங்கே திரும்ப விடக்கூடாது என்றார்கள்.

1832-ல் கலவரம் நடந்த அதே கோட்டைப் பகுதியில்தான் டாடாவின் பாம்பே ஹவுஸ் இருக்கிறது. 2018-ல் அதைப் புதுப்பித்தபோது தெருநாய்களுக்கென்று உள்ளே ஒரு அறை ஒதுக்கினார்கள். எல்லோரும் டாடா ஆக முடியாது, சரி.

நேற்று ஆபீஸ் விட்டு வரும்போது கேட்டில் நின்று ஐந்தின் காதையும் பார்த்தேன். இரண்டில்தான் வெட்டு இருந்தது. கடித்த நாய்க்கு இல்லை. ஒன்று குட்டி. அடுத்த மீட்டிங்கில் இதைத்தான் சொல்லப்போகிறேன்: கடித்ததை முதலில் மாநகராட்சி பார்க்கட்டும், மற்ற இரண்டுக்கும் ஆபரேஷனுக்கு ஏற்பாடு செய்வோம், கேட் பக்கத்துக் குப்பைத் தொட்டிக்கு மூடி போடுவோம். குட்டியை யார் எடுத்துக்கொள்வது என்று கேட்பார்கள். வீட்டில் இன்னும் பேசவில்லை... பேச வேண்டும்.