இலக்கத்தைக் குத்தகைக்குக் கொடுத்த கதை

உங்கள் தொலைபேசி வைஃபையில் இணையும் அந்த ஓரிரு வினாடிக்குள் ஒரு குத்தகை முடிவாகிறது. கையொப்பமும் இல்லை, காசும் இல்லை. உயர்தரத்தில் தகவல் தொழினுட்பம் படிக்கும் பிள்ளைகள் இதை டிஎச்சிபி என்று பாடமாக்குவார்கள். ஆனால் அது ஏன் வந்தது என்ற வரலாறு பாடத்தை விடச் சுவையானது.

வலையமைப்பில் உள்ள ஒவ்வொரு கருவிக்கும் ஐபி முகவரி என்ற இலக்கம் வேண்டும். ஒரே இலக்கம் இரண்டு கருவிகளுக்குப் போனால் இரண்டுமே தடுமாறும். கையால் இலக்கம் கொடுத்த காலத்தில், பொறுப்பாளர் ஒவ்வொரு கணினியாகப் போய்ப் பதிய வேண்டியிருந்தது.

வன்தட்டு இல்லாத கணினிகளுக்கு இதுவும் சரிவரவில்லை. மின்சாரத்தை நிறுத்தினால் தன் இலக்கமே அதற்கு மறந்துவிடும். 1984இல் ஆர்ஏஆர்பி என்ற முறை வந்தது. அது இலக்கத்தை மட்டுமே கொடுத்தது. ரவுட்டரைத் தாண்டியும் போகாது. 1985இல் பில் குரோஃப்ட், ஜோன் கில்மோர் இருவரும் பூட்பி என்ற முறையை வெளியிட்டார்கள். அது ரவுட்டரைத் தாண்டியது. ஆனாலும் எந்தக் கணினிக்கு எந்த இலக்கம் என்ற அட்டவணையை மனிதர்தான் எழுத வேண்டும். ஒருமுறை எழுதிய இலக்கம், அந்தக் கணினி வராவிட்டாலும் அதன் பெயரிலேயே கிடக்கும்.

அமெரிக்காவின் பக்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரால்ஃப் டிரோம்ஸ் எழுதிய டிஎச்சிபி ஆவணம் 1993 ஒக்டோபரில் வெளியானது. திருத்திய வடிவம் 1997இல் வந்தது. பூட்பியின் செய்தி அமைப்பையும் 67, 68 என்ற வாயில் இலக்கங்களையும் அது அப்படியே வைத்துக்கொண்டது. புதிதாகச் சேர்ந்த பெரிய விஷயம் குத்தகைதான்.

நடப்பது நான்கே பேச்சு. "இலக்கம் தருவார் யாரும் உண்டா?" என்று கருவி கேட்கும். "இதோ ஒன்று" என்று சேர்வர் சொல்லும். "இதையே எடுக்கிறேன்" என்று கருவி சொல்லும். "சரி, இத்தனை மணிநேரத்துக்கு உனக்கு" என்று சேர்வர் முடிக்கும். பாதி நேரம் போனதும் கருவி புதுப்பிக்கக் கேட்கும். கேட்காமலே தவணை முடிந்தால் இலக்கம் அடுத்தவருக்குப் போகலாம்.

இந்தத் தவணையில்தான் நமக்கும் வேலை இருக்கிறது. ஒரு வாசிகசாலையில் சேர்வர் அமைக்கிறோம் என்று வையுங்கள். 192.168.1.50 முதல் 192.168.1.200 வரை ஒதுக்கினால் 151 இலக்கங்கள். விண்டோஸ் சேர்வரில் நாம் மாற்றாவிட்டால் குத்தகை 8 நாள். அந்த 8 நாளுக்குள் 151 வெவ்வேறு தொலைபேசிகள் வந்துவிட்டால், 152ஆவதாக வரும் பிள்ளைக்கு இலக்கம் கிடைக்காது. வந்தவர்களில் அநேகர் வீட்டுக்குப் போயிருப்பார்கள். இடம் காலி, இலக்கம் காலியில்லை. சிக்னல் நிறைய இருந்தும் இணையம் வராது. "லைன் சரியில்லை" என்று நாம் கம்பனியைத் திட்டுவோம்.

ஆட்கள் வந்து போகும் இடத்தில் தவணையை ஒன்றிரண்டு மணிநேரமாகக் குறைத்தால் போதும். அதற்குக் காசு தேவையில்லை. எப்போதும் அதே கணினிகள் இருக்கும் அலுவலகத்தில் நீண்ட தவணையே நல்லது. சேர்வர் சற்று நேரம் நின்றாலும் வேலை நிற்காது.

இலக்கம் கொடுக்கும் வழி முன்பே இருந்தது. போனவரிடமிருந்து அதை எடுத்து வந்தவருக்குக் கொடுக்கும் வழியைத்தான் 1993 தந்தது. உங்கள் பாடசாலையிலோ வாசிகசாலையிலோ வைஃபை பொறுப்பில் இருப்பவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "நமது குத்தகை எத்தனை மணிநேரம்?"