அடைப்புக்குறிக்குள் ஒரு தாய்: ஜான் பௌல்பியின் 1951 அறிக்கையும் ஒரு பாடவேறுபாடும்

பிரிட்டிஷ் உளமருத்துவர் ஜான் பௌல்பியின் பெயர் வரும் இடமெல்லாம் ஒரு வாக்கியமும் கூடவே வருகிறது. சிறு குழந்தையின் மன நலத்துக்குத் தாயுடன், அல்லது தாயின் இடத்தில் நிலையாக இருப்பவருடன், அன்பும் நெருக்கமும் அறுபடாத் தொடர்ச்சியும் கொண்ட உறவு தேவை; அதில் இருவருமே நிறைவும் மகிழ்ச்சியும் காண வேண்டும் என்பது அதன் சாரம். உலக சுகாதார நிறுவனம் 1951இல் வெளியிட்ட ‘தாய்ப் பராமரிப்பும் மன நலமும்’ என்ற அறிக்கையில் இது வருகிறது. குழந்தைகளின் நலனையே தன் ஆய்வு வாழ்வாகக் கொண்ட ஒருவரை இந்த ஒரு வாக்கியத்தால் அளப்பது சரிதானா என்பது பெரிய கேள்வி. இங்கே நான் எடுத்துக்கொள்வது அதைவிடச் சிறியது: அந்த வாக்கியத்தில் அடைப்புக்குறிக்குள் இருக்கும் சில சொற்கள்.

இதை எழுதத் தூண்டியது மார்கா விசெடோவின் ‘அன்பின் இயற்கையும் வளர்ப்பும்’ (சிகாகோ, 2013). பௌல்பியை அறிவியல் வரலாற்றின் கண்கொண்டு பார்த்த நூல்களில் இதற்கு இணையானவை குறைவு. தாயன்பைக் குழந்தையின் உயிரியல் தேவையாக நிறுவியதன் வழியே தாய் என்னும் பாத்திரத்துக்கே இயற்கையின் முத்திரை குத்தப்பட்டது என்கிறார் விசெடோ. பெண்கள் வேலைக்குப் போவது பற்றிய பனிப்போர்க்கால அமெரிக்காவின் பதற்றத்தில் அந்தக் கருத்து வேர்பிடித்தது என்றும், விலங்கு நடத்தையியலிலிருந்து கடன் வாங்கிய அதிகாரமே அதற்கு வலுச் சேர்த்தது என்றும் அவர் காட்டுகிறார். லோரன்ஸ், ஹார்லோ ஆகியோரின் விலங்குச் சோதனைகள் பௌல்பியின் கையில் எப்படி உருமாறின என்று அவர் எழுதும் பகுதிகளை நான் முழுமையாக ஏற்கிறேன். 1958இல் குழந்தையின் பற்றைப் பற்றிக் கட்டுரை எழுதியதற்குப் பிந்தைய பௌல்பியைப் பற்றி அவர் சொல்வதில் பெரும்பகுதி சரி.

விசெடோ இப்படி வரையும் கோட்டின் தொடக்கப் புள்ளியாக 1951 அறிக்கையை வைப்பதில்தான் என் கருத்து மாறுபடுகிறது. அந்தக் கோடு பின்னாலிருந்து முன்னால் இழுக்கப்பட்டது. பௌல்பி லோரன்ஸின் எழுத்தை அறிந்தது 1951ஆம் ஆண்டின் கோடையில். அறிக்கைக்கான வேலையோ 1950 ஜனவரியில் தொடங்கிவிட்டது. ஆறு மாத நியமனம் அது. பிரான்ஸ், நெதர்லாந்து, ஸ்வீடன், சுவிட்சர்லாந்து, பிரிட்டன், அமெரிக்கா என்று சுற்றி, குழந்தைகள் இல்லங்களில் வேலை செய்தவர்களிடமும் மருத்துவர்களிடமும் பேசித் தொகுத்த அறிக்கை. வாத்துக்குஞ்சு தான் முதலில் கண்ட உருவத்தின் பின்னால் போகும் என்ற லோரன்ஸின் செய்தி அதை எழுதியவரின் மேசைக்கு அப்போது வந்து சேரவில்லை.

அறிக்கை யாரைப் பற்றியது என்பது இதைவிட முக்கியம். 1948இல் ஐக்கிய நாடுகள் அவையின் சமூக ஆணையம் வீடற்ற குழந்தைகளின் தேவைகளை ஆராய முடிவு செய்தது. பெற்றோரை இழந்தவர்கள், வேறு காரணங்களால் குடும்பத்தைப் பிரிந்தவர்கள், வளர்ப்புக் குடும்பங்களிலோ இல்லங்களிலோ தங்க வேண்டியவர்கள் ஆகியோரே பொருள். இதில் மன நலம் சார்ந்த பகுதியை உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டது. அங்கே மன நலப் பிரிவின் தலைவராக இருந்த ரொனால்ட் ஹார்கிரீவ்ஸ் அந்த வேலையைப் பௌல்பியிடம் கொடுத்தார். காலையில் வேலைக்குப் போய் மாலையில் வீடு திரும்பும் தாய் இந்த ஆய்வின் கேள்வியே அல்லள். போர் முடிந்த ஐரோப்பாவில், இல்லங்களின் நீண்ட கூடங்களில் வரிசையாகப் போட்ட கட்டில்களில் கிடந்த குழந்தைகளே கேள்வி. நூலின் இரண்டாம் பகுதியைப் புரட்டினால் தத்தெடுப்பு, வளர்ப்புக் குடும்பம், கூட்டுப் பராமரிப்பு, மணமாகாத தாய்மாரின் குழந்தைகள், நோயுற்ற குழந்தைகள், நிர்வாகம் என்றே இயல்கள் போகின்றன. தாய்க்குப் பொருளுதவி மறுக்கும் அரசுகள், அவளிடமிருந்து குழந்தையைப் பிரித்து இல்லத்தில் வைக்கப் பணம் செலவழிப்பதைப் பௌல்பி அங்கே கண்டிக்கிறார். குழந்தை பெற்றோரைச் சார்ந்திருப்பதுபோலப் பெற்றோர் சமூகத்தைச் சார்ந்திருக்கிறார்கள் என்பது அவர் வாதம். விசெடோவின் கோட்டில் இந்தப் பௌல்பிக்கு இடம் குறைவு.

எனக்கு எதிரான சான்றுகளையும் சொல்ல வேண்டும். குடும்பம் தவறுவதற்கான காரணங்களின் பட்டியலில் தாயின் முழுநேர வேலையையும் பௌல்பி சேர்த்திருக்கிறார். தந்தைக்கு அவர் தரும் இடம் தாய்க்குத் துணை நிற்பதோடு முடிகிறது. தாயன்பை ஊட்டச்சத்தோடு ஒப்பிடும் இடமும் உண்டு: உடலுக்கு வைட்டமினும் புரதமும் எப்படியோ, மனத்துக்குத் தாயன்பு அப்படி என்கிறார். இது உயிரியல் பேச்சுத்தானே என்று விசெடோவின் தரப்பில் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் வைட்டமின் உவமை சுட்டும் திசை வேறு என்பது என் வாதம். வைட்டமின் குறைந்தால் 1940களின் பிரிட்டனில் யார் கொடுத்தார்கள்? போர்க்காலத்தில் அரசே குழந்தைகளுக்கு ஆரஞ்சுச் சாறும் மீனெண்ணெயும் வழங்கியது. அந்தக் காலத்து வாசகருக்கு வைட்டமின் என்ற சொல் வழங்கலையும் பங்கீட்டையும் நினைவூட்டியிருக்கும். குறைபாடு என்பது தாயின் குற்றமாக இல்லாமல், பொதுவில் ஈடுசெய்ய வேண்டிய பற்றாக்குறையாகத் தெரிந்திருக்கும். இதற்கு நேர்ச்சான்று என்னிடம் இல்லை. சூழலிலிருந்து ஊகித்துச் சொல்கிறேன். ஆயினும் அழுத்தியே சொல்கிறேன்.

இனிப் பாடவேறுபாட்டுக்கு வருவோம். 1951 அறிக்கையின் சுருக்கம் பெங்குவின் வெளியீடாக 1953இல் ‘குழந்தைப் பராமரிப்பும் அன்பின் வளர்ச்சியும்’ என்ற பெயரில் வந்தது. சுருக்கியவர் மார்ஜரி ஃப்ரை. உலகம் படித்தது பெரும்பாலும் இந்தச் சிறு நூலைத்தான். மூல அறிக்கையில் அடைப்புக்குறிக்குள் இருப்பது ‘அல்லது நிலையான மாற்றுத்தாய்’ என்ற பொருளுடைய சொற்கள் மட்டுமே. பெங்குவின் வடிவத்தில் அடைப்புக்குறி மூடும் முன் ஒரு கோடு இட்டு, அந்த மாற்றுத்தாய் யார் என்று ஒரு விளக்கம் சேர்கிறது: மாறாமல் குழந்தைக்குத் ‘தாய்மை செய்யும்’ ஒரே ஆள் என்று.

இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். மூலத்தில் எண்ணிக்கை அழுத்தம் பெறவில்லை, நிலைத்தன்மையே நிபந்தனை. சேர்க்கையில் ‘ஒரே ஆள்’ வந்துவிடுகிறது. பாட்டியும் அத்தையும் மூத்த அக்காளும் சேர்ந்து வளர்க்கும் வீடு 1951இன் அடைப்புக்குறிக்குள் அடங்கக்கூடியது. பெங்குவினின் அடைப்புக்குறிக்குள் அடங்குமா என்பது ஐயம். அதே நேரத்தில் இன்னொன்றும் நடந்திருக்கிறது. ‘தாய்’ என்பது இங்கே பெயராக வராமல் வினையாக, அதுவும் மேற்கோள் குறிகளுக்குள் வருகிறது. தாயாக இருப்பது போய், தாய்மையைச் செய்வது வந்திருக்கிறது. செய்பவர் பெற்றவளாக இருக்க வேண்டியதில்லை. பெண்ணாக இருக்க வேண்டும் என்றுகூட அந்த விளக்கம் சொல்லவில்லை. எண்ணிக்கையில் இறுகிய வாக்கியம் உறவுமுறையில் நெகிழ்ந்துவிட்டது. இந்த இரட்டை அசைவைக் கணக்கில் எடுக்காமல் பௌல்பி இறுக்கமானவர் என்றோ தாராளமானவர் என்றோ தீர்ப்புச் சொல்வது அவசரம்.

சேர்த்தது யார் கை? நான் பயன்படுத்துவது 1965ஆம் ஆண்டின் இரண்டாம் பதிப்பு. பௌல்பியுடன் பணியாற்றிய உளவியலாளர் மேரி எயின்ஸ்வர்த்தின் இயல்கள் சேர்ந்தது. விளக்கம் 1953இன் முதல் அச்சிலேயே நுழைந்திருந்தால் ஃப்ரையின் கை என்று கொள்ள இடமுண்டு. அவர் 1958இல் காலமானார். 1965இல் சேர்ந்தது என்றால் அவருக்குத் தொடர்பில்லை. 1953 என்றே நான் கருதுகிறேன். ஃப்ரை சிறைச் சீர்திருத்தத்துக்காக உழைத்தவர். பிரிட்டனில் முதன்முதலில் நீதிபதிப் பொறுப்பேற்ற பெண்களில் ஒருவர். ‘மாற்றுத்தாய்’ என்ற கலைச்சொல்லைக் கண்டு பொது வாசகர் விழிப்பார் என்று எண்ணி, நடைமுறை மொழியில் ஒரு விளக்கம் எழுதுவது அவர் போன்ற தொகுப்பாளரின் இயல்பு. ஆனால் குழந்தையின் பற்று ஒருவரையே மையமாகக் கொள்ளும் என்ற கருத்தைப் பௌல்பி 1958 கட்டுரையில் தனிக் கலைச்சொல்லோடு முன்வைத்தார். அதன் விதையை அவரே முன்னதாக இங்கே ஊன்றியிருக்கலாம் என்றால் மறுக்க முடியாது. அச்சுப்படிகளின் சான்று கிடைக்கும்வரை இது திறந்தே இருக்கட்டும்.

‘மாற்றுத்தாய்’ என்பதன் மூலச் சொல்லைத் தமிழில் பெயர்க்க உட்கார்ந்தபோது எனக்கு ஒன்று உறைத்தது. நம் அக இலக்கிய மரபு நற்றாய், செவிலித்தாய் என்று இருவரையுமே தாய் என்கிறது. வளர்த்தவளுக்கு ‘மாற்று’ என்ற முன்னொட்டு அங்கே தேவைப்படவில்லை. பௌல்பியின் மொழியில் பெற்றவள் அடைப்புக்குறிக்கு வெளியேயும் வளர்ப்பவர் உள்ளேயும் நிற்பது அந்த மொழிச் சமூகத்தின் ஏற்பாடு. பௌல்பியே ஒரு செவிலியின் கையில் வளர்ந்தவர் என்பதும், மிகச் சிறு வயதில் அவளைப் பிரிந்தவர் என்பதும் அவர் வரலாறு எழுதியோர் யாவரும் சொல்வது.

பின்னால் நடந்தவற்றில் விசெடோவின் கோட்டுக்குள் எளிதில் அடங்காதவை இரண்டு. ஒன்று, 1956இல் பௌல்பியும் எயின்ஸ்வர்த்தும் மற்ற இருவரும் வெளியிட்ட கட்டுரை. நான்கு வயதுக்கு முன் காசநோய் மருத்துவமனையில் இருந்து திரும்பிய 60 குழந்தைகளைப் பள்ளி வயதில் ஆராய்ந்தார்கள். பிரிவின் கேடுகள் சில வேளைகளில் மிகைப்படுத்திச் சொல்லப்பட்டன என்று அதில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்கள். 1944இல் 44 சிறார் திருடர்களை ஆராய்ந்து, அன்பற்ற இயல்பினர் என்று தாம் வகுத்த 14 பேரில் 12 பேருக்கு இளவயதில் நீண்ட பிரிவு இருந்தது என்று எழுதியவர் பௌல்பி. அவரே பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துத் தம் கூற்றின் வீச்சைக் குறைத்தார். இரண்டு, எயின்ஸ்வர்த் 1954இல் உகாண்டா சென்று, கம்பாலாவை அடுத்த கிராமங்களில் 26 குடும்பங்களின் குழந்தைகளை வீடுகளுக்கே சென்று கவனித்தது. அதைப் பற்றி 1967இல் வந்த அவர் நூலின் துணைத் தலைப்பில் ‘அன்பின் வளர்ச்சி’ என்ற தொடர் திரும்பவும் வருகிறது. தாயைத் தவிர மற்றவர்கள்மீதும் குழந்தைகள் பற்றுக்கொள்வதை அவர் அங்கே பதிவு செய்தார். 1972இல் உளமருத்துவர் மைக்கேல் ரட்டர் ‘தாயிழப்பு’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் பிரிவு, இல்லாமை, குடும்பப் பூசல் எனப் பல வேறு அனுபவங்கள் அடைபட்டிருப்பதைப் பிரித்துக் காட்டியது எல்லாரும் அறிந்ததே. இங்கே விரிக்க வேண்டியதில்லை.

விசெடோவின் நூலைத் தள்ளிவிடச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. 1958க்குப் பின் தொடங்குவதாக வைத்தால் அவருடைய வாதம் இன்னும் உறுதியாக நிற்கும். நம் பல்கலைக்கழகங்களில் கல்வியியல், உளவியல், சமூகப்பணி பயிலும் மாணவர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான். பௌல்பியின் அந்த வாக்கியத்தை எடுத்தாளும்போது, 1951 அறிக்கையிலிருந்து எடுக்கிறீர்களா, பெங்குவின் சுருக்கத்திலிருந்தா, எந்தப் பதிப்பு என்பதைத் தவறாமல் குறியுங்கள். 1953ஆம் ஆண்டின் முதல் அச்சு கையில் உள்ளவர்கள் அந்த அடைப்புக்குறியை ஒருமுறை திறந்து பார்த்து எழுதுங்கள்.