தையற்காரி திறந்த கதவு

மகன் ஏடு கேட்டால் மகிழ்வர். மகள் கேட்டால் முகம் சுளிப்பர். யூதரின் சட்டத் தொகுப்பாம் மிஷ்னாவில், மகளுக்கு மறை கற்பிப்பது தகாது என எலியேசர் எனும் அறிஞர் கூறிய கருத்தைக் காண்கிறோம். கற்பிக்கவே வேண்டும் என்ற வேறோர் அறிஞரின் கருத்தும் அதே இடத்தில்தான் இருக்கிறது. ஆயினும் நூற்றாண்டுகள் பலவாக ஓங்கி ஒலித்தது எது? தடுத்த குரலன்றோ!

ஆஸ்திரியப் பேரரசின்கீழ் இருந்த கலீசியாவில் 1869-இல் கட்டாயக் கல்விச் சட்டம் வந்தது. வைதிக யூதத் தந்தையர் பலர் மைந்தரை அரசுப் பள்ளிக்கு அனுப்பாது மறைப்பள்ளியிலேயே வைத்துக்கொண்டனர். பெண்மக்களைப் பற்றியோ கவலை கொண்டாரில்லை, அனுப்பினர். விளைவு யாது? பதினைந்து வயது நங்கை போலந்து மொழியில் காவியம் பயின்றாள். வீட்டில் முணுமுணுக்கும் எபிரேய வழிபாட்டின் பொருள் அறியாள். அவளுக்கு மணமகனாக வந்தவனோ, மறையன்றி வேறொன்றும் அறியாதவன். மனம் கசந்த சிலர் இல்லம் துறந்து, கிராகோவ் நகரின் கத்தோலிக்கக் கன்னிமாடத்தில் புகலடைந்தனர். மகளை மீட்டுத் தரவேண்டிப் பேரரசர்வரை முறையிட்ட தந்தையும் உண்டு. அதன் பின்னரும், 1903-இல் அந்நகரில் கூடிய மதகுருமார், பெண்களுக்குப் பள்ளி வேண்டும் என்ற வேண்டுகோளுக்குச் செவிசாய்த்தாரில்லை!

குருமார் செய்யாததைச் செய்தவள் ஒரு தையற்காரி. 1883-இல் கிராகோவில் பிறந்த சாரா ஷெனிரர், பள்ளித் தோழியர் ‘பக்தை’ என்று கேலி பேச வளர்ந்தவர். திருநாள்தோறும் ஆடவர் தம் குருவை நாடிப் புறப்பட்டுவிட, தாயும் மகளிரும் வெறுமை சூழ வீட்டில் தங்கியதைக் கண்டவர். முதல் உலகப் போரின்போது வியன்னாவில் கேட்ட சொற்பொழிவொன்று அவர் உள்ளத்தில் கனல் மூட்டிற்று. ஊர் திரும்பி, முதலில் வளர்ந்த பெண்களைத்தான் அழைத்தார், அவர்களோ நகைத்தனர். நகையாமல் என் செய்வர்? காலம் கடந்து வந்த அழைப்பாயிற்றே! அதன்பின் 1917-இல், இருபத்தைந்து சிறுமியரைக் கொண்டு பள்ளி தொடங்கினார். ‘பெய்த் யாகோவ்’, அதாவது யாக்கோபின் இல்லம், என்பது அதன் பெயர். பருவம் முதிராத மாணவியரே பிற ஊர்களுக்கு ஆசிரியைகளாகச் சென்றனர். 1935-இல் அவர் மறைந்தபோது இருநூறுக்கு மேற்பட்ட பள்ளிகள் இருந்தன.

அப்பெண்களைப் பழைய நம்பிக்கையில் நிறுத்தவே அவர் கல்வி தந்தார். அது நமக்கு உடன்பாடா என்பது வேறு. ஏடு பெண்ணின் கைக்கு வந்ததே, அதை மறுப்பார் யார்?

1939-இல் இட்லரின் படை போலந்தில் புகுந்தது. பள்ளிகள் அழிந்தன, மாணவியருள் பெரும்பாலோர் கொல்லப்பட்டனர். உயிர் தப்பியோர் அமெரிக்காவிலும் இஸ்ரேலிலும் மீண்டும் பள்ளிகளை எழுப்பினர். அங்கெல்லாம் இன்று பெண்கள் மறை பயில்கின்றனர், உரையும் பயில்கின்றனர். தால்முத் மட்டும் இன்னமும் பெரும்பாலும் ஆடவர்க்கே.