பேசிக்கொள்ள நேரமில்லை: நோ-ஹடில் வேகத்தைக் கல்லூரி அணிகள் தடுத்த கதை

அமெரிக்கக் கால்பந்தை முதன்முறையாகப் பார்ப்பவருக்கு ஒரு விஷயம் புரியவே புரியாது. ஐந்தாறு வினாடிகள் ஆடுகிறார்கள். பிறகு அரை நிமிடம் நிற்கிறார்கள். வட்டமாகக் கூடி, தலையைக் குனிந்துகொண்டு எதையோ பேசுகிறார்கள். மறுபடியும் ஐந்தாறு வினாடி ஆட்டம். ஆடும் நேரத்தை விடப் பேசும் நேரம்தான் அதிகம் என்று தோன்றும்.

அந்த வட்டப் பேச்சுக்குப் பெயர் ஹடில். தாக்கும் அணி அதை நிறுத்திவிட்டு ஓடத் தொடங்கினால் எதிரே நிற்பவர்கள் என்ன செய்வார்கள்? அமெரிக்கக் கல்லூரி அணிகள் பதினைந்து இருபது வருடங்களாக விடை தேடிக்கொண்டிருந்த கேள்வி இது.

ஆட்டத்தின் அடிப்படையை முதலில் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். ஒரு அணிக்கு 11 பேர். பந்தை வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிகளுக்குள் 10 யார்டு, அதாவது சுமார் 9 மீட்டர், முன்னேற வேண்டும். முன்னேறினால் மேலும் நான்கு முயற்சிகள். இல்லையென்றால் பந்து எதிரணிக்குப் போய்விடும். ஒவ்வொரு முயற்சிக்கும் முன்பு இரண்டு தரப்பும் ஒரு திட்டத்தைத் தேர்ந்தெடுக்கின்றன. ஆட்களை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு இடித்துக்கொண்டு ஓடப் போகிறார்கள் என்று தெரிந்தால் தடுக்கும் அணி பருமனான ஆட்களை இறக்கும். தூரமாக எறியப் போகிறார்கள் என்றால் வேகமாக ஓடும் ஆட்களை இறக்கும். இதற்கெல்லாம் நேரம் கொடுத்தது அந்த இடைவெளிதான். ஹடிலில் கூடுவது தாக்கும் அணி என்றாலும், அதனால் பயன் அடைந்தது இரண்டு தரப்பும்.

ஹடில் எப்படி வந்தது?

இந்த வட்டம் பிறந்த இடம் வாஷிங்டன் நகரிலுள்ள காது கேளாதோருக்கான கல்லூரி, இன்றைய காலடெட் பல்கலைக்கழகம். 1890களில் அதன் குவாட்டர்பேக்காக இருந்தவர் பால் ஹப்பர்ட். அவர் தன் அணியினருக்குச் சைகை மொழியில்தான் திட்டத்தைச் சொல்ல முடியும். எதிரே நிற்பதும் காது கேளாதோர் அணி என்றால் அவர்களுக்கும் அது புரிந்துவிடும். அதனால் அணியினரை வட்டமாக நிற்க வைத்து, நடுவில் கையை மறைத்துச் சைகை காட்டினார் என்பது வரலாறு. பிறகு காது கேட்கும் அணிகளும் அதைப் பின்பற்றின.

ஆக, ஹடில் என்பது ஓய்வுக்காக வந்த ஏற்பாடு அல்ல. ரகசியத்தைக் காப்பாற்ற வந்த ஏற்பாடு. இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. கதையின் கடைசியில் இது மறுபடியும் வரும்.

தொழில்முறை அணிகளின் முன்னோட்டம்

நேரம் முடியப்போகும் கடைசி இரண்டு நிமிடங்களில் ஹடில் இல்லாமல் வேகமாக ஆடுவது பழைய வழக்கம். அதையே ஆட்டம் முழுக்கச் செய்தால் என்ன என்று துணிந்தவர் சின்சினாட்டி பெங்கால்ஸ் அணியின் பயிற்சியாளர் சாம் வைச். 1988 பருவத்தில் இந்த முறையால் அவருடைய அணி சூப்பர் பௌல் வரை போனது. வழியில் மோதிய சியாட்டில் அணியின் வீரர்கள் அடிபட்டதுபோல் திரும்பத் திரும்பத் தரையில் விழுந்தார்கள். ஒருவர் விழுந்தால் ஆட்டம் நிற்கும். ஆட்டம் நின்றால் மற்றவர்கள் மூச்சு விடலாம்.

அடுத்த எதிரணி பஃபலோ பில்ஸ். அதன் பயிற்சியாளர் மார்வ் லெவி இந்த வேகத்தை எதிர்த்தார். ஆனால் அடுத்த சில ஆண்டுகளில் அதே பில்ஸ் அணிதான் ஜிம் கெல்லியை வைத்து ஹடில் இல்லாத ஆட்டத்தின் அடையாளமாகவே மாறியது. தொடர்ந்து நான்கு முறை சூப்பர் பௌலுக்குப் போய் நான்கிலும் தோற்றது.

முதல் தோல்வி 1991 ஜனவரியில், நியூயார்க் ஜயண்ட்ஸ் அணியிடம், 20-19. அன்று ஜயண்ட்ஸின் தடுப்பு ஆட்டத்தை வகுத்தவர் பில் பெலிசிக். அவருடைய வழி பின்னால் கல்லூரி அணிகளுக்கும் பாடமானது. பில்ஸ் பந்தை எறிவதைத் தடுக்க ஆட்களை நிறுத்தினார். ஓடினால் கொஞ்சம் ஓடட்டும் என்று விட்டார். மறுபக்கம் ஜயண்ட்ஸின் தாக்கும் அணி மெதுவாக ஆடி, 60 நிமிட ஆட்டத்தில் 40 நிமிடங்களுக்கு மேல் பந்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. வேகமான அணிக்குப் பந்து கிடைத்தால்தானே வேகம்?

கல்லூரி மைதானத்தில் வேகம்

கல்லூரிகளில் இந்த வேகம் சிறிய இடங்களிலிருந்து மேலே வந்தது. ரிச் ராட்ரிகஸ் 1990களில் க்ளென்வில் ஸ்டேட் என்ற சின்னக் கல்லூரியில் இதைச் செய்து பார்த்தார். ஆர்கன்சா மாநிலத்தில் பள்ளி அணிகளைப் பயிற்றுவித்த கஸ் மல்சான் 2003ல் இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். பெரிய கல்லூரிகளோடு சரிசமமாக ஆட்களைத் திரட்ட முடியாதவர்களுக்கு வேகம் ஒரு ஆயுதமாக இருந்தது.

2008ல் ஒரு விதி மாறியது. அதுவரை நடுவர் பந்தை வைத்து, தயார் என்று சைகை காட்டிய பிறகுதான் 25 வினாடிக் கடிகாரம் ஓடத் தொடங்கும். அதாவது ஆட்டத்தின் வேகம் ஓரளவு நடுவர் கையில் இருந்தது. புதிய விதிப்படி ஒரு முயற்சி முடிந்த உடனே 40 வினாடிக் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். பந்தை வைத்தவுடன் தாக்கும் அணி ஆட்டத்தைத் தொடங்கலாம். இப்போது வேகம் தாக்கும் அணியின் கைக்கு வந்துவிட்டது.

இதை முழுக்கப் பயன்படுத்தியவர் ஒரிகன் பல்கலைக்கழகத்தின் சிப் கெல்லி. 2009 முதல் 2012 வரை தலைமைப் பயிற்சியாளராக இருந்து 46 ஆட்டங்களில் வென்றார், 7ல் மட்டுமே தோற்றார். மைதான ஓரத்தில் பெரிய பெரிய படப் பலகைகளைத் தூக்கிக் காட்டுவார்கள். வீரர்கள் ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்த நொடி ஆடத் தயாராகிவிடுவார்கள். 2011 ஜனவரியில் நடந்த தேசிய இறுதி ஆட்டத்தில் ஒரிகனும், மல்சான் தாக்குதலை வகுத்த ஆபர்னும் மோதின. இரண்டுமே வேகமான அணிகள். ஆபர்ன் 22-19 என்று வென்றது.

தடுப்பவர்களின் உண்மையான சிக்கல்

தடுக்கும் அணிக்கு மூச்சு வாங்குவதுதான் பிரச்சினை என்று பலர் நினைப்பார்கள். அது பாதி உண்மைதான். 130 கிலோ எடையுள்ள ஒருவர் ஓய்வில்லாமல் பத்து முறை மோதினால் களைத்துப் போவார், சந்தேகமில்லை. ஆனால் தாக்கும் அணியிலும் அதே எடை உள்ளவர்கள் இருக்கிறார்கள்.

பெரிய சிக்கல் வேறு. தாக்குபவர்களுக்கு என்ன நடக்கப் போகிறது என்று முன்பே தெரியும். தடுப்பவர்கள் எதிரணி நிற்கும் விதத்தைப் பார்த்து, பயிற்சியாளரின் சைகையைப் பார்த்து, பக்கத்தில் இருப்பவரிடம் கத்திச் சொல்லி, பிறகு சரியான இடத்தில் நிற்க வேண்டும். முன்பு அரை நிமிடத்தில் செய்ததைப் பத்துப் பதினைந்து வினாடிகளில் செய்ய வேண்டும். ஒரே ஒருவருக்குச் செய்தி போய்ச் சேராவிட்டாலும் போதும், அங்கே ஓட்டை விழும்.

ஆள் மாற்றுவதும் முடியாமல் போனது. தாக்கும் அணி ஆளை மாற்றினால், தடுக்கும் அணிக்கும் மாற்ற அவகாசம் கொடுக்க வேண்டும் என்பது விதி. தாக்கும் அணி மாற்றவில்லை என்றால் யாருக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. அதனால் தவறான ஆட்கள் மைதானத்தில் மாட்டிக்கொண்டால் அப்படியே ஆட வேண்டியதுதான்.

நான்கு பதில்கள்

முதல் பதில், விழுவது. 2010 நவம்பரில் கலிபோர்னியா பல்கலைக்கழகம் ஒரிகனை வெறும் 15 புள்ளிகளில் நிறுத்தியது. ஒரிகன் 15-13 என்று தப்பிப் பிழைத்தது. அந்த ஆட்டத்தில் கலிபோர்னியா வீரர் ஒருவர் நன்றாக நின்றுகொண்டிருந்துவிட்டுத் திடீரென்று கீழே விழுந்த காட்சி எங்கும் பரவியது. விழச் சொன்ன உதவிப் பயிற்சியாளரை அந்தப் பல்கலைக்கழகமே ஒரு ஆட்டத்துக்கு இடைநீக்கம் செய்தது. இதில் இன்னொரு தீமையும் உண்டு. உண்மையாகவே அடிபட்டுக் கிடக்கும் பையனையும் ரசிகர்கள் கேலி செய்யத் தொடங்கினார்கள்.

இரண்டாவது பதில், பந்தைக் கொடுக்காமல் இருப்பது. ஸ்டான்ஃபோர்ட் இதைச் செய்தது. 2012ல் அதுவரை தோல்வியே காணாத ஒரிகனை அதன் சொந்த மைதானத்திலேயே 17-14 என்று வென்றது. 2013ல் மறுபடியும் 26-20. அந்த இரண்டாவது ஆட்டத்தில் ஸ்டான்ஃபோர்ட் 42 நிமிடங்களுக்கு மேல் பந்தை வைத்திருந்தது. டைலர் காஃப்னி என்ற ஒருவர் மட்டும் 45 முறை பந்தோடு ஓடினார். பெலிசிக்கின் பழைய பாடம்தான். ஆனால் இதற்கு எதிரியைத் தள்ளிக்கொண்டு போகும் பலமான முன்வரிசை வேண்டும். எல்லாக் கல்லூரிக்கும் அது வாய்ப்பதில்லை.

மூன்றாவது பதில், விதியை மாற்றக் கேட்பது. அலபாமாவின் நிக் சேபன் 2012ல் இந்த வேகத்தை வெளிப்படையாகக் கேள்வி கேட்டார். களைத்த வீரர்கள் அதிகமாக அடிபடுவார்கள் என்பது அவர் கவலை. அதே ஆண்டு நவம்பரில் வேகமாக ஆடிய டெக்ஸஸ் ஏ அண்ட் எம் அணியிடம் அலபாமா 29-24 என்று தோற்றது. 2014 பிப்ரவரியில் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்.சி.ஏ.ஏ.வின் விதிக்குழு ஒரு யோசனையை முன்வைத்தது. 40 வினாடிக் கடிகாரத்தில் முதல் 10 வினாடிகள் ஆட்டத்தைத் தொடங்கக் கூடாது, அதற்குள் தடுப்பவர்கள் ஆள் மாற்றிக்கொள்ளலாம் என்பது அந்த யோசனை. சேபனும் ஆர்கன்சாவின் பிரெட் பீலமாவும் ஆதரித்தார்கள். வேகப் பயிற்சியாளர்கள் ஆதாரம் எங்கே என்று கேட்டார்கள். அடுத்த மாதமே யோசனை கைவிடப்பட்டது.

இந்தச் சண்டையை வெறும் சுயநலம் என்று தள்ளிவிட முடியாது. ஆடுபவர்கள் அப்போது சம்பளம் எதுவும் பெறாத மாணவர்கள். அவர்களுடைய உடம்பைப் பற்றிய கேள்வி நியாயமான கேள்விதான். அதே சமயம், பெரிய அணிகளை வெல்லச் சிறிய அணிகள் கண்டுபிடித்த வழியை விதி போட்டு அடைப்பது நியாயமா என்பதும் நியாயமான கேள்விதான்.

நான்காவது பதில்தான் நிலைத்தது. அது, பேச வேண்டியதைக் குறைப்பது.

முன்பு ஒரு தடுப்புத் திட்டத்தின் பெயரே நீளமான வாக்கியமாக இருக்கும். அதை ஒரே சொல்லாக்கினார்கள். அந்த ஒரு சொல்லிலேயே யார் எங்கே நிற்க வேண்டும், யாரைக் காக்க வேண்டும் என்பதெல்லாம் அடங்கிவிடும். டிசியூ கல்லூரியின் கேரி பேட்டர்சன் இதில் முன்னோடி. அவர் மைதானத்தை இரண்டு பாதியாகப் பிரித்தார். இடது பாதியில் இருப்பவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள், வலது பாதியில் இருப்பவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். பதினொரு பேருக்கும் ஒரே செய்தி போய்ச் சேர வேண்டிய அவசியமில்லை.

ஆள் மாற்ற முடியாத சிக்கலுக்கும் இவர்களிடம் விடை இருந்தது. மாற்றவே தேவையில்லாத ஆட்களை வைத்துக்கொண்டார்கள். ஓட்டத்தைத் தடுக்கும் அளவு உடம்பும், எறியும் பந்தைத் துரத்தும் அளவு வேகமும் உள்ளவர்கள். பேட்டர்சன் பின்வரிசையில் வழக்கமான நால்வருக்குப் பதில் ஐவரை நிறுத்தியது இதற்காகத்தான். 2017ல் அயோவா ஸ்டேட்டின் ஜான் ஹீக்காக் மூன்று சேஃப்டிகளை நிறுத்தும் முறையைக் கொண்டுவந்தார். எதிரணி எப்படி நின்றாலும் இவர்கள் நிற்கும் விதம் பெரிதாக மாறாது. அந்த ஆண்டு அயோவா ஸ்டேட், தேசிய வரிசையில் 3ம் இடத்தில் இருந்த ஓக்லஹோமாவை அதன் மைதானத்திலேயே 38-31 என்று வென்றது. பிறகு பல கல்லூரிகள் அந்த முறையைக் கற்றுக்கொள்ள வந்தன.

இவை மந்திரம் அல்ல. 2014 அக்டோபரில் இதே பேட்டர்சனின் அணி, வேகத்துக்குப் பெயர் போன பெய்லரிடம் நான்காம் கால்பகுதியில் 58-37 என்று முன்னிலையில் இருந்துவிட்டு 61-58 என்று தோற்றது. தடுப்பவர்கள் தேடியது வேகத்தை ஒழிப்பதை அல்ல, அதனால் வரும் குழப்பத்தைக் குறைப்பதைத்தான்.

எதிர்த்தவரே மாறினார்

விதி மாறவில்லை, சேபன் தானே மாறினார். 2014ல் லேன் கிஃபினைத் தாக்குதல் பயிற்சியாளராக அழைத்து வந்தார். அலபாமாவும் மைதானத்தை விரித்து வேகமாக ஆடத் தொடங்கியது. 2020 பருவத்தில் பந்தெறிவதில் சிறந்த அணியாக 13 ஆட்டங்களிலும் வென்று பட்டம் பெற்றது. மார்வ் லெவியின் கதைதான் மறுபடியும்.

விதிகளும் மெல்ல வந்தன. 2023ல் 10 யார்டு முன்னேறும்போதெல்லாம் ஆட்டக் கடிகாரத்தை நிறுத்தும் பழைய வழக்கம், ஒவ்வொரு பாதியின் கடைசி இரண்டு நிமிடங்களுக்கு மட்டும் என்று ஆனது. 2025ல், பந்தை வைத்த பிறகு ஒருவர் விழுந்து மருத்துவக் குழு உள்ளே வந்தால், அவருடைய அணி ஒரு டைம்-அவுட்டை இழக்கும் என்ற விதி வந்தது. டைம்-அவுட் மீதி இல்லை என்றால் 5 யார்டு தண்டனை.

மிகப் பெரிய மாற்றம் 2024ல் வந்தது. உயர்மட்டக் கல்லூரி அணிகளில் இரண்டு தரப்பிலும் ஒரு வீரரின் ஹெல்மெட்டுக்குள் ரேடியோ வைக்க அனுமதி கிடைத்தது. கடிகாரத்தில் 15 வினாடி மீதி இருக்கும்போது அது அணைந்துவிடும். தடுப்பவர்களின் பழைய சிக்கல், செய்தி போய்ச் சேராத சிக்கல், இதனால் ஓரளவு தீர்ந்தது.

இதற்கு உந்துதலாக இருந்தவற்றில் ஒன்று 2023ல் வெடித்த மிச்சிகன் விவகாரம். எதிரணிகளின் சைகைகளைத் திருடியதாக எழுந்த குற்றச்சாட்டு அது. சைகை தெரியக் கூடாது என்று பால் ஹப்பர்ட் வட்டம் அமைத்தார். வேகத்துக்காக வட்டத்தைக் கலைத்தார்கள். கலைத்ததும் சைகை மறுபடியும் எல்லோர் கண்ணிலும் படும்படி மைதான ஓரத்துக்கு வந்தது. வந்ததும் அதைத் திருட ஆட்களும் வந்தார்கள். ஹப்பர்டின் பிரச்சினை நூற்று முப்பது வருடங்களாக அப்படியேதான் இருந்திருக்கிறது.

2023 அக்டோபரில் அதே காலடெட் பல்கலைக்கழகம் ஒரு ஆட்டத்தில் புதிய ஹெல்மெட் ஒன்றைச் சோதித்தது. பயிற்சியாளர் திட்டத்தைத் தேர்ந்தெடுத்தால், அது குவாட்டர்பேக்கின் கண்ணருகே இருக்கும் சிறிய திரையில் எழுத்தாகத் தெரியும். பார்ப்பது அவர் ஒருவர் மட்டும். அந்த ஆட்டத்தில் காலடெட் வென்றது.